கனவுல பாட்டு, முழிச்சா தீர்ப்பு

பழைய ஹாலிவுட்னா ரெண்டு மூணு படத்தோட நிறுத்திக்கிறவங்களா நீங்க? அப்போ இதையும் லிஸ்ட்ல சேத்துக்கோங்க: 'லேடி இன் தி டார்க்', 1944. மிட்செல் லெய்சன் இயக்கம், ஜிஞ்சர் ரோஜர்ஸ் ஹீரோயின், மூணு ஆஸ்கர் பரிந்துரை. கண்டிப்பா பாருங்க. ஆனா அதுல வர்ற டாக்டர் சொல்றதை மட்டும் அப்படியே எடுத்துக்காதீங்க.

லைசா எலியட் 'அல்யூர்'ங்கிற ஃபேஷன் பத்திரிகையோட ஆசிரியர். வேலையில கெட்டிக்காரி. ஆனா காரணமே தெரியாத ஒரு பயம், எதையும் முடிவு பண்ண முடியாத தவிப்பு. அட்டையில ஈஸ்டரா, சர்க்கஸாங்கிறது கூட பெரிய போராட்டம். (இந்த மின்னிதழ் குழுவுக்கு இந்தக் காட்சி நல்லாவே புரியும்.) கடைசியில ஒரு மனநல டாக்டர்கிட்ட போய் தன் கனவுகளைச் சொல்ல ஆரம்பிக்கிறா.

இது முதல்ல 1941-ல பிராட்வே நாடகமா வந்தது. எழுதினவர் மாஸ் ஹார்ட், இசை கர்ட் வைல், பாடல்கள் ஐரா கெர்ஷ்வின். ஹார்ட் அப்போ நிஜமாவே உளப்பகுப்பாய்வு சிகிச்சையில இருந்தவர். நாடகம் புத்தகமா வந்தப்ப, அவரோட டாக்டரே கதையில வர்ற டாக்டர் புரூக்ஸ் பேர்ல முன்னுரை எழுதினார்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அந்த நாடகத்தோட அமைப்பு. மத்த மியூசிக்கல்ல நடுரோட்டுல திடீர்னு பாட ஆரம்பிச்சுடுவாங்க. இங்க பெரிய பாட்டெல்லாம் கனவுக்குள்ளதான். முழிச்சிருக்கும்போது வெறும் பேச்சு. பகல்ல மிச்சமானது ராத்திரி வேஷம் கட்டிட்டு வரும்னு ஃப்ராய்ட் சொன்னாரே, அதை அப்படியே மேடையில காட்டியிருக்காங்க. பகல்ல சர்க்கஸ் அட்டை, கனவுல சர்க்கஸ் கூடாரம். அங்க லைசா மேல வழக்கு. குற்றம்? முடிவெடுக்கத் தெரியலங்கிறது. ஆபீஸ்ல அவளை நக்கல் பண்ற சார்லிதான் கனவுல அரசு வக்கீல். படத்துல அந்தக் காட்சிக்கு ஈடித் ஹெட் குழு பண்ணின மிங்க் ரோம உடை இப்போ ஸ்மித்சோனியன்ல இருக்கு. பகல் முழுக்க கோட்டும் ஸ்கர்ட்டுமா இருக்கிறவ கனவுல ஏன் இப்படி மின்னுறாங்கிறதுதான் கேள்வியே.

பதில் அவளோட சின்ன வயசுல இருக்கு. அம்மா அழகி. இவ அப்படி இல்லன்னு அப்பாவே அடுத்தவங்க முன்னாடி சொல்லிட்டார். அப்புறம் பள்ளிக்கூடத்துல ஒரு பையன் இவளை விட்டுட்டு இன்னொரு பொண்ணுகிட்ட போயிட்டான். இந்த நினைவுகளோட ஒட்டிக்கிட்டு வர்றது 'மை ஷிப்'ங்கிற பாட்டு. அந்த மெட்டு அவளுக்கு அரைகுறையாத்தான் ஞாபகம் வரும். நாடகத்துல அந்தப் பாட்டு முழுசா திரும்பக் கிடைக்கும்போதுதான் பூட்டு திறக்கும். படத்துல பாட்டோட வரிகளையே தூக்கிட்டாங்க, முனகல் மட்டும்தான் மிச்சம். பாஸ்வேர்டைத் தேடுற கதையில பாஸ்வேர்டையே வெட்டின மாதிரி!

அதையாவது மன்னிச்சுடலாம், சிகிச்சையோட முடிவைத்தான் என்னால ஏத்துக்க முடியல. நீ ஆம்பளைங்களோட போட்டி போடுற, உன்னை அடக்கி ஆள ஒருத்தன் தேவைப்படலாம்னு போகுது டாக்டரோட யோசனை. லைசாவும் சார்லிக்கு வழி விடுறா. நீங்களே சொல்லுங்க, காயம் பண்ணினது அப்பாவோட பேச்சு. அதுக்கு ஏன் இவ நாற்காலியை விடணும்? 'பக்'கை சரியா கண்டுபிடிச்சுட்டு, நல்லா ஓடிட்டிருந்த வேற மாட்யூலை அழிச்சிருக்காங்க.

'அந்தக் காலத்துல அப்படித்தான்'னு சொல்வீங்க. அதே காலத்துலதான் அமெரிக்கப் பெண்கள் போருக்காகத் தொழிற்சாலைகளை ஓட்டினாங்க. அடுத்த வருஷமே ஹிட்ச்காக்கோட 'ஸ்பெல்பவுண்ட்' வந்தது. அதுல டாக்டரே ஒரு பெண், நோயாளிதான் ஆண்.

இது எனக்கு வெறும் சினிமா விஷயம் இல்ல. எங்க பேட்ச்ல ஒரு பொண்ணு ஒரு பெரிய நிகழ்ச்சிக்குப் பொறுப்பா இருந்தா. ராத்திரி தூக்கம் வரலன்னு உதவி கேட்டுப் போனா. 'ஏம்மா இவ்ளோ டென்ஷன், பொறுப்பைப் பசங்ககிட்ட குடுத்துடேன்'னு பதில் வந்தது. தூக்கம் ஏன் வரலன்னு யாருமே கேக்கல. இதைப் படிச்சுட்டு கவுன்சலிங் போகாதீங்கன்னு நான் சொல்றதா நினைக்காதீங்க. போங்க. மனசுல இருக்கிறதை ஒருத்தர் உக்காந்து கேட்டதாலதான் லைசாவுக்கே அந்த மெட்டு திரும்பி வந்தது. ஆனா கிடைக்கிற மருந்து நாம சொன்ன வலிக்கா, இல்ல சுத்தி இருக்கிறவங்க வசதிக்கான்னு கேக்குற உரிமை நமக்கு இருக்கு.

படம் பாக்குறதுக்கு முன்னாடி 'மை ஷிப்' பாட்டைத் தேடி ஒரு தடவை முழுசா கேட்டுடுங்க. படத்துல அது உங்களுக்குக் கிடைக்காது.