பொன்னாடை பசி தீர்க்குமா?

நம் பள்ளியில் ஆண்டு விழா. வாழைமரம் கட்டினோம், தோரணம் தொங்கவிட்டோம், ஒலிபெருக்கி முழங்கிற்று. பந்தலூர் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயமொன்றிலிருந்து தப்புக் கலைஞர் ஒருவரை அழைத்து வந்தோம். அறுபதைக் கடந்த முதியவர். அரைமணி நேரம் அடித்தார்; அரங்கமே அதிர்ந்தது. பொன்னாடை போர்த்தினோம், புகழ்மொழி பொழிந்தோம், கைதட்டிக் கலைந்தோம். வாயிலில் தயங்கி நின்ற அந்தப் பெரியவர் மெல்லக் கேட்டார்: "இந்தச் சால்வையைக் கடையிலே திருப்பிக் கொடுத்தா காசு தருவாங்களா, சார்?"

நாம் தலைகுனிந்தோம். பொன்னாடைக்குப் பணம் ஒதுக்கிய நாம், பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் பணம் ஒதுக்கிய நாம், அந்த மனிதரின் வயிற்றுக்கென ஒரு காசும் ஒதுக்கவில்லை. குற்றம் பிறருடையது அன்று, நம்முடையது. ஆகவேதான் எழுதுகிறோம்.

அவர் யார்? 1964-ஆம் ஆண்டு சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தின் விளைவாக இலங்கை மலையகத்திலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட இலட்சக்கணக்கான மக்களில் ஒருவரின் மகன். அம்மக்களுக்கு வேலை தரவே 1968-இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. கப்பலேறி வந்தோர் கொணர்ந்த உடைமை கொஞ்சம். கலையோ கொள்ளை கொள்ளை. கொழுந்து பறித்த கைக்குக் கூலி உண்டு. தப்படித்த கைக்கோ கைதட்டல் மட்டும்!

"கலைமகள் இருக்கும் வீட்டில் திருமகள் தங்கமாட்டாள், கலைஞனின் வறுமை தலையெழுத்து" என்று தத்துவம் பேசுவோர் உளர். தலையில் எழுதியவன் எவன்? கணக்கில் எழுதாதவர் நாம்! 1944-இல் வெளிவந்து மூன்று தீபாவளி கண்ட 'ஹரிதாஸ்' படத்தின் நாயகர் தியாகராஜ பாகவதர். தங்கத் தட்டில் உண்டவர் என்று நாடு பேசிய அவரே வறுமையிலும் நோயிலும் வாடி 1959-இல் மறைந்தார். புகழின் உச்சியில் இருந்தவருக்கே அக்கதி என்றால், பெயர்ப்பலகை இல்லாத பறைக் கலைஞருக்கு எக்கதி?

2020-ஆம் ஆண்டை மறந்துவிட்டோமா? பங்குனியும் சித்திரையும் திருவிழாக் காலம். ஓராண்டுச் சோற்றை ஊர்க்கலைஞன் ஈட்டும் காலம். சரியாக அந்தப் பருவத்திலேதான் கொரோனா ஊரடங்கு வந்தது. கரகம் மூலைக்குப் போயிற்று. நாதசுரம் உறைக்குள் உறங்கிற்று. நாட்டுப்புறக் கலைஞர்களுக்கென 2007-இல் அமைந்த நல வாரியம் உண்டு. ஆனால் அதன் கதவு பதிவு பெற்றோருக்கே திறக்கும். பதிவு என்றால் என்னவென்றே அறியாத லயத்து மனிதர் எங்கே போவார்?

உலகைப் பாருங்கள். அமெரிக்காவில் நடிகர் நலிவு போக்க 1882-லேயே நிதியம் கண்டனர். பிரான்சு நாட்டில் ஆண்டொன்றுக்கு 507 மணி நேரம் கலைப்பணி ஆற்றியவருக்கு, வேலையற்ற நாட்களில் உதவித்தொகை உரிமையாகவே கிடைக்கிறது. உரிமையாக! இரந்து பெறுவதன்று.

நமக்கு இது புதிதா? பரிசில் பெற்ற பாணன் பெறாத பாணனுக்கு வழிகாட்டிய ஆற்றுப்படை நம்முடையது. இந்த நீலகிரியிலேயே கோத்தர்கள் படகர்களுக்கு இசைத்தனர். ஆண்டுதோறும் தானியப் பங்கு பெற்றனர். அது பிச்சையன்று, முறை. அந்த உறவு சென்ற நூற்றாண்டில் அறுந்தது. முறை போயிற்று, பொன்னாடை வந்தது!

நிதி திரட்ட வழியில்லையா? உண்டு. கீரமங்கலம், பேராவூரணி வட்டாரத்தில் ஆடி மாதத்தில் மொய்விருந்து வைப்பர். வருவோர் உண்பர்; மொய் எழுதுவர்; பெற்றவர் பின்னொரு நாள் கூடுதலாகத் திருப்பிச் செய்வார். கொடுப்பவனுக்குச் செருக்கில்லை, பெறுபவனுக்குக் கூச்சமில்லை. பந்தலூரிலோ ஆடி மாதம் அடைமழைக் காலம், கூத்துமில்லை, கொட்டுமில்லை. அந்த மாதத்திலேயே கலைஞர்களின் பெயரால் மொய்விருந்து வைப்போம். ஆசிரியரும் வணிகரும் தோட்டத் தொழிலாளரும் மொய் எழுதட்டும். மழை விட்டதும், மொய் எழுதியவர் வீட்டுத் திருமணத்தில் தப்பிசைத்து அக்கலைஞர் கடன் தீர்க்கட்டும்!

இன்னொன்று. 2018-இல் கோலாலம்பூரில் நட்சத்திர விழா நடத்தித் திரைநடிகர்கள் தம் சங்கக் கட்டடத்திற்கு நிதி திரட்டினர். நன்று. இனிவரும் அத்தகைய விழாக்களின் வசூலில் பத்தில் ஒரு பங்கு மேடையேறா ஊர்க்கலைஞர்க்கு என்று விதி செய்யலாகாதா? கோடையில் உதகை மலர்க்காட்சிக்குப் பல்லாயிரவர் சீட்டு வாங்குகின்றனர். சீட்டுக்கு ஒரு ரூபாய் கூடுதலாக வாங்கி, இம்மலையின் கலைஞர்க்கு ஒதுக்கினால் எவர் வீட்டுச் சொத்து கரைந்துவிடும்?

"கலைக்கு விலை பேசலாமா? அது கலையை இழிவுபடுத்துவதல்லவா?" என்று முகம் சுளிப்பர் சிலர். மருத்துவர் கட்டணம் வாங்கினால் மருத்துவம் இழிவடைகிறதா? நாம் மாதச் சம்பளம் வாங்குகிறோமே, கல்வி இழிவடைந்துவிட்டதா? சாவு வீட்டில் அடித்தால் சாதிக் கடமை, மேடையில் அடித்தால் கலைச்சேவை என்று இருபுறமும் பூட்டுப் போட்டு, உழைப்பைச் சுரண்டிய பழைய தந்திரமே இந்தப் புனித வாதம். கலை புனிதமானதென்றால், கலைஞனின் பசி அதைவிடப் புனிதமானது.

நண்பர்களே, பிறர்க்குச் சொல்லுமுன் நாம் செய்வோம். அந்தப் பெரியவரின் லயத்துக்குச் சென்றோம். செலுத்தாத கூலியைச் செலுத்தினோம். அவர் எண்ணிப் பார்க்கவில்லை. பழைய தப்பை எடுத்து நெருப்பில் காய்ச்சத் தொடங்கினார். அடுத்த ஆண்டு விழாச் செலவுக் கணக்கில் முதல் வரி அவருடைய ஊதியம். பொன்னாடைக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

உங்கள் ஊர் விழாவின் செலவுக் கணக்கில் முதல் வரி என்ன?