பழைய பிளகின்களுக்கும் வழி வேண்டும்

திண்டுக்கல் பக்கத்து அகரம் முத்தாலம்மன் திருவிழாவுக்கு ஒரு புதுப் பாட்டு வேண்டுமென்றால் இன்று சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. திண்டுக்கல் போன்ற ஊர்களிலேயே ஓர் அறையும் ஒரு கணினியும் கொண்ட ஸ்டுடியோவில் வேலை முடிந்துவிடுகிறது. வயலின் முதல் உறுமி வரை பல ஒலிகளையும் தருபவை பிளகின் என்னும் மென்பொருள் கருவிகள். எந்த ஸ்வரம், எந்தப் பிளகினில், என்ன அளவில் என்ற குறிப்புகளே புராஜெக்ட் கோப்பில் இருக்கும். பிளகின் திறக்காவிட்டால் அந்த டிராக் ஊமை. பத்தாண்டுக்கு முந்தைய பாட்டைப் புதுக் கணினியில் திறப்பவர் கண்ணில் முதலில் படுவது, கிடைக்காத பிளகின்களின் பட்டியல்தான். காசு கொடுத்து வாங்கிய கருவியை இப்படிக் கைவிடுவது நியாயமல்ல.

இது தானாக நேர்ந்ததல்ல. பிளகின்களுக்கான விஎஸ்டி முறையை 1996-இல் கொண்டுவந்த ஸ்டெய்ன்பெர்க் நிறுவனம், தன் இசை மென்பொருளான கியூபேஸ் 9-இல் பழைய 32 பிட் பிளகின்களுக்கான ஆதரவை 2016-இல் நிறுத்தியது. 2018-இல் ஏபிள்டன் லைவ் 10 என்னும் இசை மென்பொருளும் அதே வழியில் சென்றது. 2019-இல் ஆப்பிளின் மேக்ஓஎஸ் கேட்டலினா 32 பிட் மென்பொருள் அனைத்துக்கும் கதவடைத்தது. இன்டெல் கணினிக்கு எழுதிய பிளகின்களைப் புதிய மேக்கில் ஓடவைக்கும் ரொசெட்டா 2-க்கும் ஆப்பிள் இப்போது முடிவு குறித்துவிட்டது.

மாற்றத்துக்குக் காரணம் உண்டு. 32 பிட் நிரலால் 4 ஜிபி நினைவகத்துக்கு மேல் கையாள முடியாது. இன்றைய வாத்தியத் தொகுப்புகளுக்கு அது போதாது. பழைய நிரலைப் பராமரிப்பதும் செலவுதான். ஆனால் விண்டோஸில் ரீப்பர் இசை மென்பொருள் 32 பிட் பிளகின்களைத் தனிச் செயலியாக ஓட்டி இன்றும் இடம் தருகிறது. அங்கு ஜேபிரிட்ஜ் என்னும் கருவியும் இதே பாலத்தைப் போடுகிறது. ஆகவே முடியாது என்பதல்ல, மனமில்லை என்பதே உண்மை. பழைய கணினியையே வைத்துக்கொண்டாலும், உரிமத்தைச் சரிபார்க்கும் நிறுவன சர்வர் மூடப்பட்டால் பிளகினை மறுபடி நிறுவ வழியில்லை. திண்டுக்கல் பூட்டு வாங்கியவர் வீட்டில், பட்டறை மூடிய பிறகும் சாவி திரும்புகிறதே!

டிராக்குகளை ஆடியோவாக மாற்றி வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். அது அவசியம், ஒவ்வொரு ஸ்டுடியோவும் இன்றே செய்ய வேண்டும். ஆனால் அப்படிக் காப்பது முடிந்த ஒலியைத்தான். பாடகருக்காகச் சுருதியை ஒரு கட்டை இறக்கவோ, வாத்தியத்தின் ஒரு சங்கதியை மாற்றவோ வேண்டுமானால், தரம் கெடாமல் செய்ய மூலக் கருவி வேண்டும்.

எனவே ஒரு பிளகினை நிறுத்தும் நிறுவனம், இணையச் சரிபார்ப்பு தேவைப்படாத கடைசிப் பதிப்பொன்றை வாங்கியவர்களுக்குத் தர வேண்டும். புதிதாக வாங்குவோரும் அந்த உறுதியைக் கேட்டு வாங்க வேண்டும். கேட்டால் நடக்கும். 2023 மார்ச்சில் சந்தா மட்டுமே என்று அறிவித்த வேவ்ஸ் என்னும் பிளகின் நிறுவனம், பயனர்களின் எதிர்ப்பால் சில நாட்களிலேயே நிரந்தர உரிம விற்பனைக்குத் திரும்பியது. பெரிய ஸ்டுடியோக்கள் மட்டுமல்ல, நம் ஊர்க் கலைஞர்களும் சேர்ந்து கேட்டால் அந்தக் குரலுக்கு வலு கூடும்.