கடலா தடுத்தது?

சென்னைக்கும் யாழ்ப்பாணத்துப் பலாலிக்கும் வான்வழித் தொலைவு சுமார் 355 கிலோமீட்டர். பறக்கும் நேரம் ஏறத்தாழ ஒன்றேகால் மணி! 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோனின் முதல் விமானமே யாழ்ப்பாணம் வழியாகத்தான் சென்னைக்கு வந்தது.

பின்னர் போர் மூண்டது, வழி அடைபட்டது. வடக்கே சென்னைக்கு வர வேண்டிய யாழ்ப்பாணத் தமிழன், தெற்கே 400 கிலோமீட்டர் கொழும்புக்குப் போய் விமானம் ஏறினான்! கடலா தடுத்தது? இல்லை, பூட்டிய கதவு தடுத்தது!

2019 அக்டோபரில் கதவு திறந்தது. 2020-இல் கொள்ளைநோயால் நின்ற விமானம், 2022 டிசம்பரில் மீண்டும் பறந்தது. மகிழ்கிறோம். ஆனால் கேட்கிறோம்: உழைப்பவன் கூலிக்கு எட்டுமா அந்தக் கட்டணம்?

தொலைவைக் குறைத்தது விஞ்ஞானம். கட்டணத்தைக் குறைக்க வேண்டியது ஆட்சி. செல்வருக்கு மட்டும் திறக்கும் கதவு, ஏழைக்குப் பூட்டிய கதவே!