எறிவதற்கு முன் ஒரு முறை



துபாயில் பணிபுரிந்த என் வாப்பா 1984இல் விடுமுறையில் வந்தபோது, ஸ்டீரியோ ஒன்றையும் இரு ஒலிபெருக்கிப் பெட்டிகளையும் கொண்டு வந்தார்கள். கடிதத்திற்குப் பதிலாகக் கேசட்டில் பேசி அனுப்பும் வழக்கம் அன்று நம் இல்லங்களில் இருந்ததை மூத்தோர் அறிவர். 1986இல் வாப்பா அவ்வாறு பேசி அனுப்பிய கேசட் ஒன்றை, அவர்கள் மறைந்த பின்னும் உம்மா பேணி வைத்திருக்கிறார்கள்.

அண்மையில் அதனைப் போட்டபோது வாப்பாவின் குரல் கரகரத்துச் சிதைந்தது. "கேசட்டு கெட்டுப் போச்சா தம்பி?" என்று உம்மா கலங்கினார்கள். ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். குரல் தெளிவாக இருந்தது. பழுது நாடாவில் இல்லை, ஒலிபெருக்கியில்தான்!

முன்வலையைக் கழற்றினேன். காகிதக் கூம்பைச் சட்டத்தோடு இணைக்கும் ஃபோம் வளையம் விரல் பட்டதும் உதிர்ந்தது. 1970, 80களின் பெட்டிகள் பலவற்றுக்கு இதுவே நோய். காற்றின் ஈரத்தால் பாலியூரிதேன் ஃபோம் நாளடைவில் சிதைகிறது. காந்தமும் கம்பிச் சுருளும் பெரும்பாலும் நலமாகவே இருக்கும்.

அதனை அறிவது எளிது. ஒலிபெருக்கிக்குச் செல்லும் கம்பியைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 8 ஓம் ஒலிபெருக்கி ஏறத்தாழ 6 ஓம் காட்டினால் சுருள் அறுபடவில்லை. பின்னர்க் கூம்பை இருபுறமும் சமமாக மெல்ல அழுத்துங்கள். உரசும் ஓசை எழவில்லையெனில் வளையத்தை மட்டும் மாற்றினால் போதும்.

கூம்பின் விட்டத்தையும் சட்டத்தின் விட்டத்தையும் அளந்து, அதற்கேற்ற வளையம் வாங்குக. பழைய ஃபோமையும் பசையையும் பொறுமையுடன் சுரண்டி அகற்றுக. முதலில் கூம்பில் வெள்ளைப் பசையால் ஒட்டி உலரவிடுக. அதன் பின்னரே சட்டத்தில் ஒட்டுக. பசை இறுகுமுன் கூம்பை மீண்டும் மீண்டும் அழுத்தி, உரசாத நடுநிலையில் அமைத்திடுக. ஒரு நாள் முழுதும் உலரட்டும்; அவசரமே இவ்வேலையின் பகைவன்.

வளையம் மாற்றிய பின்னும் மேல்சுருதி மங்கினால், உள்ளிருக்கும் கெப்பாசிட்டர் வறண்டிருக்கலாம். அதே மைக்ரோஃபாரட் அளவில், அதே வோல்டேஜ் அல்லது அதற்கு மேற்பட்டதை வாங்குக. பிளஸ், மைனஸ் பேதமற்ற 'நான்-போலார்' வகையே வேண்டும். சாதாரண வகை ஆகாது.

எனக்கு ஆன செலவு சில நூறு ரூபாய். உழைப்பு இரண்டு மாலைப் பொழுதுகள். மூன்றாம் நாள் உம்மாவை அழைத்து அமர்த்திக் கேசட்டைப் போட்டேன். நெடுநேரம் பேசாதிருந்து, "இடையில இருமுறது கூட அப்படியே கேக்குது" என்றார்கள்.

உங்கள் பரணிலும் அத்தகைய பெட்டி ஒன்று இருக்கக்கூடும். பழைய இரும்புக்காரரிடம் எடை போடுமுன், அதன் முன்வலையைக் கழற்றி ஒரு முறை பாருங்கள்.