சாட்சியின் தமிழ்

மன்னார் மேல் நீதிமன்றத்திலே நீதிபதியை யாவரும் அறிவர்; வழக்கறிஞரையும் அறிவர். வழக்கேட்டை ஒழுங்குசெய்து, படியெடுத்து, ஒப்புநோக்கும் எழுதுவினைஞரை யார் அறிவார்?

1961-ஆம் ஆண்டுச் சட்டம் நீதிமன்ற மொழி சிங்களம் என்றது. 1988-இல் அரசியலமைப்பின் 16-ஆவது திருத்தம் தமிழையும் நாடெங்கும் நீதிமன்ற மொழியாக்கியது. இன்று மன்னாரில் ஏடு தமிழில் எழுகிறது. ஆயின் மேன்முறையீட்டின்போது, அதனைக் கேட்கும் மன்றத்தின் மொழி வேறாயின், அம்மொழியிலும் ஏடு ஆக்கப்படல் வேண்டும்.

பேசாலைக் கடற்றொழிலாளி ஒருவர், "சோளகம் எழும்பின பிறகுதான் வாடிக்குப் போனனான்" என்று சாட்சி சொல்வதாகக் கொள்வோம். சோளகம் வெறுங் காற்றன்று, ஒரு பருவம். வாடி வெறுங் குடிசையன்று. தொழிலுக்காகப் பெயர்ந்து தங்கும் துறை. "காற்றடித்தபின் குடிசைக்குச் சென்றேன்" என்று ஏடு கூறுமாயின், காலமும் போயிற்று, இடமும் போயிற்று. மேன்முறையீட்டில் சாட்சியின் முகத்தை எவரும் காண்பதில்லை, ஏடே பேசும். ஒரு சொல்லின் பிழை ஒருவரின் சிறைவாசமாகவும் கூடுமன்றோ?

ஆதலின், எழுதுவினைஞரையும் மொழிபெயர்ப்பாளரையும் தேரும்போது கைவிரைவை மட்டும் பாராது, அந்நிலத்தின் சொல்லறிவையும் பார்த்தல் வேண்டும். கடற்கரைச் சொற்களைப் பொருளுடன் தொகுத்து அவர்கள் கையில் தருவது, நம் ஆசிரியரும் மாணவரும் செய்யத்தக்க பணி. தமிழ் நீதிமன்றம் ஏறியது என்று மகிழ்ந்தால் போதாது. சாட்சியின் தமிழும் ஏட்டில் ஏற வேண்டும்.