போலீஸ் மாமாவை விட்டுவிடுங்கள்

பெற்றோரே, பிள்ளைக்குச் சோறூட்ட போலீஸ் எதற்கு? "வாயைத் திறக்கலைன்னா போலீஸ் மாமா புடிச்சுட்டுப் போயிடுவார்." அதற்கு மசியாவிட்டால் ஊசி போடும் டாக்டர், அப்புறம் பூச்சாண்டி, கடைசியில் "அப்பா வரட்டும்". தினமும் இதே கதைதான்.

கோயம்பேடு பேருந்து நிலையக் கூட்டத்தில் கை நழுவிப்போன ஒரு குழந்தையை நினைத்துப் பாருங்கள். பக்கத்திலேயே காக்கிச் சட்டை போட்டவர் நிற்கிறார். உதவி அவரிடம்தான் இருக்கிறது. குழந்தையோ அவரைக் கண்டதும் தூணுக்குப் பின்னால் ஒளிகிறது. ஒளியச் சொல்லிக் கொடுத்தது நாம்தான்.

ஊசியும் அப்படித்தான். அரசின் தடுப்பூசி அட்டவணைப்படி 5 வயதில், 10 வயதில், 16 வயதில் என்று அது வந்துகொண்டே இருக்கும். நோய் அண்டாமல் காப்பதை நாமே தண்டனையாக்கிவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்து வாசலில் பிள்ளை புரண்டு அழுதால் அதற்கும் அதட்டுகிறோம்.

எனக்கு ஆறாத கோபம் இன்னொன்றில். "வெளியே சொன்னே, அம்மா உன்னைக் கொன்னுடுவா." குழந்தையிடம் தகாதபடி நடப்பவன் அதன் வாயை அடைப்பது இப்படித்தான். ஒரு தம்ளர் பாலைக் கொட்டியதற்கு "கொன்னுடுவேன்" என்று நாமே கத்தியிருக்கும்போது, அவன் சொல்வதைக் குழந்தை நம்பாமல் என்ன செய்யும்? குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-இல் போக்சோ சட்டம் வந்துவிட்டது. குழந்தைகள் உதவி எண் 1098-ஐ எந்த நேரமும் அழைக்கலாம். ஆனால் பிள்ளை முதலில் நம்மிடம் வாய் திறக்க வேண்டுமே!

பள்ளியில் அடிப்பதையும் மனம் நோக வதைப்பதையும் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடை செய்கிறது. அப்படியிருந்தும் "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்" என்று ஆசிரியரிடம் சொல்லும் அப்பாக்கள் இருக்கிறார்கள், அதுவும் பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே.

கண்டிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. சாப்பிட மறுத்தால் தட்டை எடுத்துவிடுங்கள். பசித்தால் தானே கேட்கும். பாலைக் கொட்டினால் துணியைக் கொடுத்துத் துடைக்கச் சொல்லுங்கள். ஊசி கொஞ்சம் வலிக்கும், நான் கையைப் பிடித்துக்கொள்கிறேன் என்று உள்ளதைச் சொல்லுங்கள். அடுத்த முறை கடைத்தெருவுக்குப் போகும்போது போக்குவரத்துக் காவலரைக் காட்டி, "வழி தெரியலைன்னா இவர்கிட்ட போ, அம்மா நம்பரைச் சொல்லு" என்று பழக்குங்கள். உங்கள் நம்பர் பிள்ளைக்குத் தெரியுமா? இன்றைக்கே மனப்பாடம் செய்ய வையுங்கள்.