சப்பாத்தி மருந்தல்ல!



போன வாரம் கல்யாணப் பந்தியில் பக்கத்தில் இருந்த உறவுக்காரத் தம்பி பெருமையாகச் சொன்னான்: "எனக்கு சுகர் மாமா. சோறே தொடுறதில்ல. காலையில ராகிக் கஞ்சி, ராத்திரி நாலு சப்பாத்தி." மூன்று மாத சராசரி எவ்வளவு என்றேன். "ஒன்பதரைக்குக் கீழ வரவே மாட்டேங்குது."

எப்படி வரும்?

வகுப்பில் அயோடின் சோதனை செய்தோமே, மறந்துவிட்டதா? ஒரு சொட்டு விட்டால் சோறு கருநீலமாகும். சப்பாத்தியும் ஆகும், கேழ்வரகும் ஆகும். 100 கிராம் அரிசியில் சுமார் 78 கிராம் மாவுச்சத்து. கோதுமையிலும் கேழ்வரகிலும் 70ஐ ஒட்டி. நார்ச்சத்து கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். செரித்தபின் எல்லா மாவும் குளுக்கோஸ்தான்.

வாத்தியார் சொன்னால் நம்ப வேண்டாம். 2025இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வைப் பாருங்கள். நம் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்து வகையில் வருகிறது. அரிசியைக் கோதுமையாக, சிறுதானிய மாவாக மாற்றுவதால் மட்டும் ஆபத்து குறையவில்லை. மாவைக் குறைத்து, பருப்பு, பால் போன்றவற்றின் புரதத்தைக் கூட்டினால்தான் பலன் என்கிறது.

"அப்போ எதைத்தான் சாப்பிடறது?" பொரியலைச் சோறு மாதிரியும், சோற்றைப் பொரியல் மாதிரியும் பரிமாறுங்கள். கூடவே முட்டை, மீன், சுண்டல், பருப்பு, தயிர். சப்பாத்தி என்றால் ஒன்று போதும்.

இன்னொரு கூட்டத்துக்கும் சொல்கிறேன். வாட்சப்பைப் பார்த்து ஒரே நாளில் சோற்றையும் மாத்திரையையும் தூக்கிப் போடாதீர்கள். கிளிமிபிரைடு, இன்சுலின் எடுப்பவர்கள் திடீரென மாவைக் குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழலாம். முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்தின் அளவை மாற்ற வேண்டியவர் அவர்தான். சிறுநீரகக் கோளாறு இருந்தால் புரதத்தைக் கூட்டும் முன்பும் கேளுங்கள்.

ஏன் இவ்வளவு கோபம் என்கிறீர்களா? என் அண்ணனும் பதினைந்து வருஷம் சப்பாத்தியைத்தான் நம்பினார். கால் கட்டைவிரலை எடுத்த பிறகு, "இனிமே என்னடா சாப்பிடணும்?" என்று என்னைக் கேட்டார். அறிவியல் வாத்தியார் நான், அதுவரை வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன். அந்தத் தப்பை இனிச் செய்ய மாட்டேன்.

வீட்டுப்பாடம்: வழக்கமான சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்து சர்க்கரை பாருங்கள். ஒரு வாரம் எழுதி, டாக்டரிடம் காட்டுங்கள். கோபித்துக்கொள்கிறவர்கள் கோபித்துக்கொள்ளுங்கள். கால் பத்திரமாக இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் பழைய அறிவியல் வாத்தியார்